குழாய்க்குப் போட்ட சட்டை

காஞ்சிபுரத்தில் குழாய்த் தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று யாராவது கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். மார்கழியில் வாசல் தெளிக்கும்போது விரல் கொஞ்சம் விறைக்கும், காதை மூடிக்கொண்டு பால் வாங்கப் போவோம், அவ்வளவுதான் எங்கள் குளிர். உறைந்த தண்ணீரை நான் பார்த்ததெல்லாம் ஃப்ரிட்ஜிலும் சர்பத் கடையிலும்தான். அப்படிப்பட்ட ஊரில், போன வருடக் கோடையில், பனி நாட்டுக்காரர்கள் குழாய்க்குச் செய்வதை நானும் செய்தேன். மொட்டை மாடியில் குந்தி உட்கார்ந்து குழாய்க்குச் சட்டை போட்டேன். முதலில் போட்டது வீணாய்ப்போய் இரண்டாம் தரமும் போட்டேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எதற்காகச் செய்கிறேன் என்று எனக்குத் தெரியும் என்பதால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீடு நெசவாளர் தெருவில் எல்லா வீடுகளையும் போலத்தான். அகலம் கம்மி, நீளம் அதிகம். நடுவில் தறி. அதைத் தாண்டிச் சமையல்கட்டு. கோடியில் தோட்டம் என்று நாங்கள் சொல்லும் கொல்லை. அங்கே ஒரு துவைக்கிற கல், ஒரு குழாய். மாடி கட்டியபோது தண்ணீர்த் தொட்டியைத் தோட்டத்துப் பக்கமே வைத்திருக்கலாம். வாஸ்து பார்க்க வந்தவர் கன்னி மூலையில்தான் தொட்டி இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். கன்னி மூலை எங்களுக்குத் தெருப் பக்கம். அதனால் தொட்டியிலிருந்து கிளம்பும் பிளாஸ்டிக் குழாய் மொட்டை மாடி முழுவதும் வெயிலில் படுத்துக்கொண்டு போய்த்தான் தோட்டத்தில் இறங்கும். பங்குனி பிறந்துவிட்டால் பகலில் அந்தக் குழாயைத் திறந்ததும் வரும் முதல் வாளித் தண்ணீரில் டீத்தூள் போடலாம். தொட்டியை இடம் மாற்றி வைத்தால் என்னென்ன கெடுதல் வரும் என்று வாஸ்துக்காரர் ஒரு பட்டியலே சொன்னார். அந்தப் பட்டியலில் இல்லாத கெடுதல்தான் எங்களுக்கு வந்தது.

என் வீட்டுக்காரருக்கு வெகு நாளாகச் சர்க்கரை. மாத்திரையில் குறை வைக்கமாட்டார், இனிப்புக்குத்தான் கொஞ்சம் கை நீளும். கடைசியில் பாதம் இரண்டும் மரத்துப்போயின. ஒரு நாள் ஒற்றைச் செருப்பு கழன்றது தெரியாமல் கடைத்தெரு வரைக்கும் நடந்து போயிருக்கிறார்; பின்னாலேயே வந்த ஒருவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். தறியில் மட்டும் அந்தக் கால் பிசகாது. தறிக்குழியில் காலால் அழுத்தும் மிதிகள் எங்கே இருக்கின்றன என்று பாதத்துக்குத் தெரியாவிட்டாலும் முழங்காலுக்குத் தெரியும் என்பார்.

கால் கழுவாமல் அவர் தறிக்குழியில் இறங்கமாட்டார். எங்கள் சனத்தில் எல்லோரும் அப்படித்தான். பட்டில் தூசி ஒட்டக்கூடாது என்பது ஒரு காரணம். தறியை மிதித்துத்தானே சோறு தின்கிறோம், அழுக்குக் காலோடு மிதிக்கலாமா என்பது இன்னொன்று. காலையில் ஒரு தடவை, சாப்பிட்டு எழுந்து ஒரு தடவை, டீ குடிக்கப் போய்வந்தால் மறுபடியும் ஒரு தடவை. மக்கில் மொண்டு ஊற்றிக்கொள்வது அவருக்குக் கழுவினதில் சேர்த்தியே இல்லை. குழாய்க்கு நேராகக் காலை நீட்டி, விரல் இடுக்கெல்லாம் தண்ணீர் ஓடவேண்டும்.

டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். சூடு தெரியாத கால், கைவிரல் நுனிகளும் மரத்துவிட்டன, அதனால் வேறு யாராவது தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் காலில் தண்ணீர் படவேண்டும் என்றார். அந்த வேறு யாராவது நான். குழாயடியில் நின்றுகொண்டு குரல் கொடுப்பார்: "ஏம்மா, தண்ணி சூடா இருக்குதா பாரு." நான் போய்க் கையை வைத்துப் பார்ப்பேன். சுட்டால் ஒரு வாளி பிடித்துத் துவைக்கிற கல் பக்கம் தள்ளிவிட்டு, தண்ணீர் ஆறி வந்ததும் நகர்ந்துகொள்வேன். ஒரு நாளைக்கு மூன்று தரம் நடக்கிற வேலை. மூன்று தரமும் முணுமுணுத்துக்கொண்டேதான் போவேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள், பகல் இரண்டு மணி. பின்லாந்தில் ஓட்டல் சமையலறையில் வேலை செய்யும் என் தம்பி வீடியோ காலில் வந்தான். செல்போனை உப்பு டப்பாவின் மேல் சாய்த்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். ஓட்டலின் பின்பக்கம் போய், கேமராவைத் திருப்பிக் காட்டினான். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. பிளவுக்குள் வெள்ளையாகப் பனிக்கட்டி.

"அக்கா, இந்தக் கூத்தப் பாரு. தண்ணி ஒறைஞ்சா உப்பிக்குமாம்கா. உப்பி பைப்பையே ஒடைச்சிடுச்சு. இங்க பைப்புக்கெல்லாம் சட்டை போடணும். இது ஒண்ணுக்குப் போட மறந்துட்டாங்க."

"பைப்புக்கு சட்டையா? முதல்ல உனக்கு ஸ்வெட்டர் இருக்குதாடா?" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். அப்போதுதான் தோட்டத்திலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, தண்ணி சூடா இருக்குதா பாரு."

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

நான் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. காலையில் துணி துவைத்ததால் குழாய் ஓடிச் சுடுதண்ணீர் போயிருக்கும் என்று நினைத்தேனா, அந்தப் பனிக்கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எல்லாத் தண்ணீரும் குளிர்ந்தது என்று தோன்றியதா, இன்றைக்கு யோசித்தாலும் தெரியவில்லை. பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. பார்க்காமல் சொன்னேன்.

அவர் இரண்டு காலையும் கழுவிக்கொண்டு வந்து குழியில் இறங்கினார். தறிச் சத்தம் கேட்டது. தம்பியிடம் பேசி முடித்து, பாத்திரம் கழுவி, தறிப் பக்கம் போக ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவர் நெய்வதை நிறுத்திவிட்டுக் குழிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிதி ஏன் வழுக்குதுன்னு பாக்கறேன்" என்றார்.

வழுக்கியது அவருடைய தோல். வலது பாதத்தில் சுண்டு விரல் ஓரமாகப் பெரிய கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து மிதியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு வலியே இல்லை. நான்தான் அலறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைவிட என்னைத்தான் அதிகமாகப் பார்த்தார். "தண்ணிய யாரு தொட்டுப் பாத்தது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"யாரும் இல்லீங்க. நான்தான் யாரையும் கேக்காம ஊத்திக்கினேன்."

டாக்டர் அவரைத் திட்டினார். நன்றாகவே திட்டினார். "நெய்யற காலு, அக்கறை வேணாமா?" என்றார். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான் மஞ்சப் பையை மடியில் வைத்துக்கொண்டு கம்மென்று இருந்தேன். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் எத்தனையோ பேரிடம் வாயாடியிருக்கிறேன். பேசவேண்டிய இடத்தில் வாய் வரவில்லை. அவமானமாக இருந்தது.

புண் ஆறவில்லை. சித்திரையில் வலது காலின் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இதோடு நிற்குமா, மறுபடியும் குழியில் இறங்கி மிதிக்கலாமா என்று கேட்டதற்கு, இப்போது எதுவும் சொல்லமுடியாது, பார்க்கலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து, பாதியில் நின்ற சேலையோடு தறியை ஒரு பழைய வேட்டியால் மூடிவைத்தேன்.

தோட்டத்தில் நிழலில் ஒரு குடம் தண்ணீர் வைத்தால் போதும் என்று எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே வைத்துவிட்டேன். ஆனால் அந்த மனிதரை எனக்குத் தெரியாதா? குடம் பக்கத்திலேயே இருக்கும், கை பழக்கத்தில் குழாய்க்குப் போகும். தினமும் இருபத்துநாலு மணி நேரமும் நான் குழாயடியில் காவல் நிற்கமுடியாது. என்னையே நான் நம்பமுடியாது என்று வேறு ஆகிவிட்டது. ஆகவே அந்தக் குழாயிலிருந்து சுடுதண்ணீரே வரக்கூடாது என்று முடிவு செய்தேன்.

தம்பியைக் கூப்பிட்டேன். மாமா காலில் சுடுதண்ணீர் பட்டுவிட்டது என்பது வரைக்கும் அவனுக்குத் தெரியும். எந்த நேரத்தில் என்று இன்றுவரை சொல்லவில்லை.

"டேய், அந்தப் பைப்புச் சட்டைய எதுல செய்யறாங்க?"

"ஸ்பாஞ்சு மாதிரி இருக்கும்கா, நீட்டுக் குழாயா. நடுவுல கீறி பைப்பு மேல மாட்டிடுவாங்க. குளிர உள்ள வுடாது."

"வெயில வுடுமா?"

கொஞ்சம் யோசித்தான். "வுடாதுக்கா. ரெண்டும் ஒண்ணுதானே. இன்னொண்ணும் செய்வாங்க. ரொம்பக் குளிரா இருந்தா குழாய லேசா சொட்ட வுட்டுடுவாங்க. நின்ன தண்ணிதான் ஒறையும், ஓடற தண்ணி சீக்கிரம் ஒறையாது." பிறகு, "அதெல்லாம் எதுக்குக்கா, ஒரு கொடத்துல புடிச்சு நெழல்ல வெச்சா ஆச்சு" என்றான்.

"நீ உன் பைப்பப் பாரு, என் பைப்ப நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டேன். பாவம், நல்லதைத்தான் சொன்னான்.

ஹார்டுவேர் கடையில் போய்க் குழாய்க்கு மேலே மாட்டுகிற ஸ்பாஞ்சு இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் ஏ.சி. பைப்புக்குப் போடும் கருப்புக் குழாயைக் காட்டினார். அது எங்கள் குழாயில் பாதி தடிமனுக்குக்கூடப் போதாது. பெரிய அளவு இல்லையா என்றதற்கு, "எதுக்கும்மா? நம்ம ஊர்ல பனி கொட்டப்போவுதா? கம்பளி ஒண்ணு வாங்கிப் போத்துங்க" என்றார். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில், கடைக்காரர் கம்பளி என்று சொன்னதுதான் காதில் நின்றது. கம்பளி எதற்கு? வீட்டில் பட்டு இருக்கிறதே.

நெசவாளி வீட்டில் எது அறுந்தாலும் பிய்ந்தாலும் முதலில் கை போவது நூலுக்குத்தான். தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூலைப் பாவு என்போம்; ஒவ்வொரு பாவு தீரும்போதும் கொஞ்சம் நூல் மிஞ்சும். அப்படி மிஞ்சியது, அறுந்தது, சிக்கலானது எல்லாம் ஒரு கோணி நிறையச் சேர்ந்திருந்தது. கட்டிலில் காலை நீட்டியிருந்த அவரிடம் சொன்னேன். "குழாய்க்குப் பட்டு கட்டப்போறியா? நடத்து" என்றார்.

மூன்று நாள் காலை, வெயில் ஏறுவதற்குமுன் மாடியில் உட்கார்ந்து கட்டினேன். விரல் தடிமனுக்கு நூலைத் திரித்து, இடைவெளி விடாமல் நெருக்கிச் சுற்றி, முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டேன். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று குழாய் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. பகல் இரண்டு மணிக்குத் திறந்து கையை வைத்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, சுடவில்லை. பின்லாந்துக்கே ஏற்றுமதி செய்யலாம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்தே நாள். மறுபடி ஒரு மதியம் கையை வைத்தால் சுரீர் என்றது. மாடிக்கு ஓடிப் பார்த்தால் குழாய் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. முடிச்சுகள் மட்டும் அங்கங்கே தொங்கின. யார் அவிழ்த்தார்கள் என்று ஊரைத் திட்டிக்கொண்டு நின்றேன். பதில் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து வந்தது. மோட்டார் ஓடவில்லை என்று அவர் சுவிட்சுப் பெட்டியைத் திறந்திருக்கிறார்.

"இங்க வந்து பாரும்மா! அணிலு குட்டி போட்டுக்கினு இருக்குது. எங்க பொண்ணுக்குக்கூட நாங்க இப்பிடி பட்டு மெத்தை போடல."

போய்ப் பார்த்தேன். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை. நடுவில் கண் திறக்காத மூன்று குட்டிகள்.

அப்போதுதான் உறைத்தது. தறியில் ஏற்றுவதற்குமுன் பாவுக்குத் தெருவில் வைத்துக் கஞ்சி போடுவோம். அரிசிக் கஞ்சி. அந்தக் கஞ்சி ஊறிய நூலைத்தான் நான் மாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பந்தி வைத்திருக்கிறேன். அணில் கஞ்சியையும் தின்றது, நூலையும் எடுத்துக்கொண்டு போய் வீடு கட்டியது. பிறந்ததிலிருந்து கஞ்சி வாசனையில் வளர்ந்தவளுக்கு இது தோன்றவில்லை. அக்காவோடு சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்ததும் அழுகையாக வந்தது. ஒரு குழாயைக்கூட என்னால் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியவில்லையே என்றிருந்தது.

அதற்கடுத்த நாள் கருட சேவை. விடியற்காலையில் தெருவே பெருமாளைப் பார்க்கக் கிளம்பிப் போய்விட்டது. அவரால் நடக்கமுடியாது, அதனால் நானும் போகவில்லை. வெளியே ஒரு சத்தம் இல்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். சுண்டு விரல் இருந்த இடம் சுத்தமாக ஆறிவந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"அன்னைக்கு நான் தண்ணியத் தொட்டுப் பாக்கலீங்க."

"தெரியும்" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"நீ பேசனது சமையல்கட்டுலேர்ந்து. கொழாயடிக்கு நீ வரவே இல்லயே. காலுதான் மரத்துப்போச்சு, காது நல்லாத்தான் இருக்குது."

சுற்றிக்கொண்டிருந்த கட்டை நிறுத்தினேன். "தெரிஞ்சுமா ஊத்திக்கினீங்க?"

"நீ சொன்னியேம்மா."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். நான் கட்டைச் சுற்றி முடித்து, பஞ்சையெல்லாம் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வேண்டியமட்டும் அழுதேன். இனிமேல் இந்த மனிதர் என்னைத் தண்ணீர் பார்க்கச் சொல்லமாட்டார் என்று மனசுக்குப் பட்டது. கேட்கவேண்டாம் என்று அவர் நினைத்தால் அதில் தப்பும் இல்லை.

இரண்டாவது சட்டையை நிதானமாகப் போட்டேன். கடையில் வெறும் கோணிப்பைகளை வாங்கிவந்து, தவிட்டு வாசனை போக இரண்டு தரம் அலசிக் காயவைத்தேன். பட்டையாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று படும்படி இரண்டு அடுக்கு சுற்றினேன். நூலே வேண்டாம் என்று கட்டுக்கம்பியால் முறுக்கினேன். மேலே கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்தேன். அழகில் அது பட்டுச் சட்டைக்குக் கிட்டே வராது. கட்டுப்போட்ட கால் மாதிரி இருந்தது. அணில் ஒன்று வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை நானே பார்த்தேன். தம்பி சொன்னதில் மிச்சத்தையும் விடவில்லை. நின்ற தண்ணீர்தான் உறையும் என்றால் நின்ற தண்ணீர்தான் கொதிக்கவும் செய்யும். அதனால் மதியம் சாப்பாட்டு வேளைக்கு முன்னால் ஒரு வாளி திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவ வைத்துக்கொண்டேன். தினமும் இரண்டு மணிக்குப் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். வைகாசி முடியும் வரைக்கும் ஒரு நாள்கூடச் சுடவில்லை.

ஆனியில் டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அரை நாள் நெய்து பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் அவரே போய்த் தறிமேல் இருந்த வேட்டியை எடுத்து உதறி மடித்து வைத்தார். பாதிச் சேலையைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, சமையல்கட்டைத் தாண்டித் தோட்டத்துக்குப் போனார். நான் அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே போகலாமா, போனால் தப்பாக நினைப்பாரா என்று குழம்பிக்கொண்டு, கழுவிய அம்மியையே மறுபடியும் கழுவினேன். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் கல்லில் விழும் சத்தம் கேட்டது. அவர் கூப்பிடமாட்டார் என்று எழுந்துகொண்டேன்.

"ஏம்மா, தண்ணி சூடா இருக்குதா பாரு."

அதே குரல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். உள்ளங்கையை வைத்தேன். புறங்கையைத் திருப்பி வைத்தேன். போதாமல் முழங்கையையும் நீட்டினேன். ஜாக்கெட் கை முழுக்க நனைந்துவிட்டது. அவர் சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் காத்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

அவர் வலது காலை நீட்டினார்.